மூசைக்குத் தப்பிய தங்கம்

பழைய காசு வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த ஆண்டில் எத்தனை அடித்தார்கள்? குறைவாக அடித்தது அரிது, கூடுதலாக அடித்தது மலிவு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இருபதாம் நூற்றாண்டுக் காசுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். 1795 முதல் 1834 வரை ஃபிலடெல்ஃபியாவில் அடித்த அமெரிக்கத் தங்கக் காசுகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. 1815-இல் அடித்த ஐந்து டாலர் காசுகள், அதாவது ஹாஃப் ஈகிள்கள், வெறும் 635. இன்று அவற்றில் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. 1822-இல் நாணயச்சாலை ஏட்டின்படி அடித்தது 17,796. இன்று இருப்பவை மூன்றே மூன்று. அதற்கு முன்னால் 1795-இன் கணக்கு 8,707. அந்த ஆண்டின் காசு சில நூறு தப்பியிருக்கிறது. அடித்த எண்ணிக்கைக்கும் கிடைக்கும் எண்ணிக்கைக்கும் இப்படி எந்த உறவும் இல்லை என்றால், அரிதாவதற்கான காரணத்தை அச்சு இயந்திரத்தின் பக்கம் தேடுவது வீண். இந்தக் காசுகளை அரிதாக்கியது பொற்கொல்லனின் மூசை. ஆகவே எத்தனை அடித்தார்கள் என்பதைப் பின்னுக்குத் தள்ளி, இந்த ஒன்று எப்படித் தப்பியது என்று முதலில் கேட்க வேண்டும். விலையும் தரமும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வரவேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் மூசைக்கு விறகு போட்டது அதுதான். 1792 ஏப்ரல் 2-ஆம் தேதிச் சட்டம் பத்து டாலர் ஈகிள், ஐந்து டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள் என்று மூன்று தங்கக் காசுகளை ஏற்படுத்தியது. மாற்று பன்னிரண்டில் பதினொரு பங்கு. நம் நகைக்கடைகளில் 916 என்று முத்திரை இடுகிறார்களே, அதே 22 காரட்தான். ஹாஃப் ஈகிளின் எடை 8.75 கிராம், ஒரு சவரனுக்குச் சற்று மேல். அதே சட்டம் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உள்ள விகிதத்தை 15-க்கு 1 என்று கட்டிப்போட்டது. எழுதியபோது அது சந்தையை ஒட்டிய விகிதம்தான். சந்தை அங்கேயே நிற்கவில்லை. 1803-இல் பிரான்சு தன் விகிதத்தை 15½-க்கு 1 என்று வைத்தது. அதன்பின் கணக்கு யாருக்கும் புரியும். ஃபிலடெல்ஃபியாவில் 15 பவுண்டு வெள்ளிக் காசு கொடுத்து ஒரு பவுண்டு தங்கக் காசை வாங்கி, கப்பலில் ஏற்றிப் பாரிசில் உருக்கினால் 15½ பவுண்டு வெள்ளி. கப்பல் கூலியும் காப்பீடும் போக மிஞ்சுவது லாபம். அமெரிக்கக் கழுகு பொறித்த காசு அமெரிக்கக் கடைத்தெருவில் புழங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனதற்கு இந்த அரைப் பங்குதான் காரணம்.

நாணயச்சாலையால் இதைத் தடுக்க முடியவில்லை. அன்று அங்கே தங்கம் அடித்தது அரசின் கையிருப்பிலிருந்து அல்ல. வங்கிகளும் வணிகர்களும் கட்டித் தங்கமும் வெளிநாட்டுக் காசும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கூலி வாங்காமல் காசாக்கித் திருப்பித் தரவேண்டும். என்ன காசு வேண்டும் என்பதிலும் கொடுத்தவர் விருப்பமே மேலோங்கும். ஏற்றுமதி செய்கிறவருக்குப் பெரிய காசுதான் வசதி, ஆகவே ஈகிள்கள் அடித்த கையோடு வெளியேறின. 1804-இன் இறுதியில் ஈகிள் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 1838-இல். இடையில் ஹாஃப் ஈகிள்தான் நாட்டின் மிகப் பெரிய தங்கக் காசு, ஆகவே கப்பலேறும் முறை அதற்கு வந்தது. 1821-இல் பிரிட்டன் காகிதப் பணத்துக்குத் தங்கம் கொடுக்க மறுபடி தொடங்கியதும் ஐரோப்பாவில் தங்கத்தின் தேவை இன்னும் ஏறியது. 1820-களின் ஹாஃப் ஈகிள்கள் பெயருக்குத்தான் காசு. உண்மையில் அவை முத்திரையிட்ட தங்கக் கட்டிகள். கடைசி அடி 1834-இல் விழுந்தது. அந்த ஆண்டுச் சட்டம் ஐந்து டாலர் காசில் உள்ள சுத்தத் தங்கத்தை 123.75 கிரெயினிலிருந்து 116 கிரெயினாகக் குறைத்தது. நூறு பழைய காசை உருக்கினால் 106 புதிய காசுக்கான தங்கமும் அதற்கு மேல் கொஞ்சமும் கிடைக்கும். புதியதைப் பழையதிலிருந்து பார்த்த உடனே பிரித்தறிய, பின்பக்கத்தில் கழுகுக்கு மேலே இருந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். பழையதைப் பொறுக்கி உருக்குகிறவனுக்கும் அதே அடையாளம் உதவியிருக்கும்.

நாணயச்சாலையே இவற்றை முதலில் எடையாகவும் பிறகுதான் காசாகவும் பார்த்தது என்பதற்குக் காசிலேயே சான்று இருக்கிறது. 1807-க்கு முந்தைய தங்கக் காசுகளில் எத்தனை டாலர் என்ற குறிப்பே கிடையாது. ஜான் ரைக் வடிவமைத்த 1807 ஹாஃப் ஈகிளில்தான் முதன்முதலாக 5 என்ற எண் வருகிறது. அதுவரை வாங்குகிறவன் தராசில் வைத்து வாங்குவான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு சான்று அரத்தின் தடம். அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்து, எடை கூடியதை அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள். குறைந்ததைத் திரும்ப உருக்கிவிடுவார்கள். 1795-இல் சாரா வால்டிரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரு பெண்களை இந்த வேலைக்கு நியமித்தார்கள். ராவிய கோடுகளை அச்சின் அழுத்தம் முழுவதும் அழிக்காது. காசைச் சாய்த்து ஒரே விளக்கின் கீழ் பிடித்தால், சுதந்திர தேவியின் கூந்தல் மேட்டிலோ கழுகின் மார்புக் கேடயத்திலோ இணைகோடுகளாக அவை தெரியும். அச்சு ஆழமாக வெட்டியிருக்கும் இடத்தில், அதாவது உருவம் உயர்ந்து நிற்கும் இடத்தில், உலோகம் முழுவதும் நிரம்பாததால் அங்கே கோடு தங்கிவிடும். சமதளத்தில் பெரும்பாலும் நசுங்கி மறையும். பிற்காலக் கீறல் இதற்கு நேர்மாறு. அது மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். இரு ஓரத்திலும் உலோகம் சற்று எழும்பி நிற்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் பிறப்பிலேயே வந்த தழும்பைப் பின்னால் பட்ட காயம் என்று எண்ணி நல்ல காசை ஒதுக்கிவிடுவார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. அடித்த எண்ணிக்கை அச்சிட்ட ஏட்டில் இருக்கிறது; தப்பிய எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. உறுதியானதை விட்டு ஊகத்தைப் பிடிப்பது எப்படிச் சரி? அந்த ஏட்டு எண் நாம் நினைக்கும் அளவு உறுதியானதல்ல என்பதே பதில். நாணயச்சாலை கணக்கு எழுதியது நாட்காட்டி ஆண்டுக்கு, காசில் பொறித்த தேதிக்கு அல்ல. நல்ல எஃகில் கையால் வெட்டிய அச்சு விலை உயர்ந்தது. ஆண்டு மாறியதற்காக அதை யாரும் தூக்கி எறியவில்லை, உடையும்வரை ஓட்டினார்கள். 1795 என்று தேதியிட்டு, பின்பக்கத்தில் அரச முத்திரையிலுள்ள பெரிய கழுகைத் தாங்கிய ஹாஃப் ஈகிள்கள் இருக்கின்றன. அந்தக் கழுகு 1795-இல் பிறக்கவே இல்லை. மிஞ்சியிருந்த பழைய முன்பக்க அச்சை எடுத்து 1797-98 வாக்கில் அடித்தவை அவை. இன்னும் துலக்கமான உதாரணம் 1804 என்று தேதியிட்ட ஒரு வகை ஈகிள். சயாம் அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் தூதர் வழியாக அனுப்பும் பரிசுப் பெட்டிகளில் வைப்பதற்காக முப்பது ஆண்டு கழித்து, 1834-35-இல் அடித்தவை அவை. ஆகவே 1822-இன் 17,796-லும் முந்தைய ஆண்டுத் தேதி கொண்ட அச்சில் அடித்தது எத்தனை என்பதை ஏடு சொல்லாது. உறுதியான எண் என்று நாம் பிடித்துத் தொங்குவது அச்சுக்கூடத்தின் கணக்கு. காசின் கணக்கு அல்ல.

அப்படியானால் தப்பியவை எப்படித் தப்பின? 1822-இன் மூன்றையும் எடுத்துக்கொண்டால் வழிகள் தெரியும். ஒன்று நாணயச்சாலையின் சொந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது. 1814 முதல் 1839 வரை தலைமைக் காசடிப்பாளராக இருந்த ஆடம் எக்ஃபெல்ட் நல்ல மாதிரிகளையும், உருக்குவதற்காக வந்த குவியலில் கண்ணில் பட்ட அரிய காசுகளையும் ஒதுக்கி வைத்தார். 1838-இல் அதுவே முறையான காட்சியகமாகி, 1923-இல் ஸ்மித்சோனியனுக்குப் போனது. இரண்டாவது, மருந்துத் தொழிலதிபர் ஜோசையா லில்லி சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகளோடு 1968-இல் அதே ஸ்மித்சோனியனுக்கு வந்தது. மூன்றாவது மட்டும் தனியார் கையில். சிகாகோவின் வெர்ஜில் பிராண்டிடம் இருந்து, 1945-இல் பால்டிமோரின் லூயிஸ் எலியாஸ்பெர்க்கிடம் போய், 1982-இல் 6,87,500 டாலருக்கும் 2021-இல் 84 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. இந்தக் காசின் மேடுகளில் தேய்மானம் தெரிகிறது. பளபளவென்று நேற்று அடித்தாற்போல இருக்கும் காசு அல்ல. ஆனாலும் அந்த விலை. சந்தை இங்கே விலை கொடுத்தது 17,796 என்ற எண்ணுக்கும் அல்ல, மேனி அழகுக்கும் அல்ல; மூசையிலிருந்து வெளியே கிடந்ததற்கு.

பொதுவான தேதிகளுக்கும் இதே கேள்வியைப் போடலாம். முதல் காசு என்ற நினைவுக்காக மக்கள் எடுத்து வைத்ததால் 1795 ஓரளவு தப்பியது. 1820-களில் அப்படி நினைவுக்கு வைக்க எந்தப் புதுமையும் இல்லை. ஆனால் அந்தப் பிற்காலத் தேதிகளில் தப்பியவை பல தேய்மானம் குறைந்தவை. யாரும் பொத்திப் பாதுகாத்ததால் அல்ல, கடைத்தெருவில் புழங்காமல் வங்கிப் பெட்டியிலேயே கிடந்ததால். முந்தைய தேதிகளில் மிதமாகத் தேய்ந்தவையும் இருக்கின்றன. அவை உண்மையாகவே கைமாறிப் புழங்கியவை. மூன்றாவது வழி நகை. நம் காசுமாலையை நினைத்துக்கொண்டால் போதும்: கடிகாரச் சங்கிலியில் தொங்கவும் கழுத்தில் பதக்கமாகவும் ஏறிய காசு உருக்குகிறவன் கைக்குப் போகவில்லை. தப்பியது, ஆனால் காயத்தோடு. அப்படிப்பட்ட காசில் கண் போகவேண்டிய இடம் முகம் அல்ல, விளிம்பு. உச்சியில், தலைக்கு நேர் மேலே, விளிம்பின் வரிப்பற்கள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருந்தால் அங்கே வளையம் பற்றவைத்திருந்தார்கள். பற்று எடுத்த இடத்தில் உலோகம் கொஞ்சம் வேறு நிறம் காட்டும். பூதக்கண்ணாடியில் நுண்ணிய துளைகள் தெரியும். அதை மறைக்க யாராவது மெருகிட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு அருகில் மட்டும் ஒளி ஒரே போக்கில் வழுக்கிப் போகும். அச்சில் அடித்த இயல்பான மேனியில் ஒளி சக்கரம்போல் சுற்றிவரும். துளையிட்டு அடைத்த காசை இதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் அடைத்தவன் எழுத்தையோ நட்சத்திரத்தையோ கையால் திருப்பி வெட்டியிருப்பான். கையின் கோடு அச்சின் கோடாகாது.

நிறமும் சொல்லும். சட்டம் கலப்புக்கு வெள்ளியும் செம்பும் சேர்க்கச் சொன்னது, வெள்ளி பாதிக்கு மேல் போகக்கூடாது. வெள்ளி கூடிய வார்ப்பு பச்சை சாய்ந்த மஞ்சளாகவும், செம்பு கூடியது செம்மஞ்சளாகவும் இருக்கும். இந்த இயல்பான நிறத்தை அமிலத்தில் முக்கிக் கழுவியவர்கள் பலர். கழுவிய காசு ஒரே சீராக, உயிரில்லாத மஞ்சளாக நிற்கும். எழுத்துகளின் இடுக்கில் இருக்கவேண்டிய மங்கலும் போயிருக்கும். எடையைப் பார்ப்பது எளிது. நீரில் நிறுத்து அடர்த்தி கண்டால் 22 காரட்டுக்கு அது கலப்பைப் பொறுத்து 17-க்கும் 18-க்கும் இடையில் வரவேண்டும். இவை எல்லாம் போலியைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமல்ல. ஒரு காசு இருநூறு ஆண்டு எங்கே கிடந்தது என்பதைப் படிப்பதற்கான எழுத்துகளும் இவைதான்.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும். இத்தனை ஆராய்ச்சி எதற்கு? 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்று தரமிடும் நிறுவனங்கள் வந்துவிட்டன. காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி, 1 முதல் 70 வரை எண் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் ஆயிற்று. அவர்களுடைய பணி பெரியது, சந்தேகமில்லை. போலிகளின் கொட்டம் அடங்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த எழுபது புள்ளி அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது பெரிய செப்பு சென்ட்டுகளுக்கு. அது தேய்மானத்தை அளக்க வந்தது. தப்பிய வரலாற்றை அளக்க அல்ல. ஒரே எண் பெற்ற இரண்டு 1803 ஹாஃப் ஈகிள்களில் ஒன்று இயல்பான தோலோடும் மற்றது மெதுவாகக் கழுவப்பட்டும் இருக்கக்கூடும். சந்தைக்கே இது தெரியும். தெரியாவிட்டால், நிறுவனம் போட்ட எண்ணைச் சரிபார்த்துப் பச்சை ஒட்டு ஒட்டுவதற்கென்றே 2007-இல் இன்னொரு நிறுவனம் கிளம்பியிருக்காது. எண்ணுக்கு மேல் ஒட்டு, ஒட்டுக்கு மேல் விலை என்று போவது, எண்ணால் சொல்ல முடியாத ஒன்று மிச்சம் இருப்பதற்கான ஒப்புதல்தான்.

அந்த நிறுவனங்கள் தாங்கள் தரமிட்ட காசுகளை எண்ணி வெளியிடும் பட்டியலும் தப்பிய எண்ணிக்கை ஆகாது. கூடுதல் எண் கிடைக்கும் என்ற ஆசையில் பெட்டியை உடைத்து அதே காசை மறுபடி அனுப்புவார்கள். பழைய சீட்டைத் திருப்பித் தராவிட்டால் ஒரே காசு இரண்டாக, மூன்றாகப் பட்டியலில் நிற்கும். உண்மையில் எண்ண வேண்டுமானால் காசைத் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ண வேண்டும். முன் அச்சு எது, பின் அச்சு எது, அச்சில் விரிசல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பிரிக்கும் வேலையை ஹாரி பாஸ் தன் சேகரிப்பைக் கொண்டு வாழ்நாள் முழுக்கச் செய்தார். ஜான் டான்ரூதர் அதை வளர்த்து 2006-இல் நூலாக்கினார். அச்சு வரிசை தெரிந்த பிறகு, பழைய ஏலப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டு, இந்தக் காசும் அந்தக் காசும் ஒன்றே என்று நிறுவுவதற்கு எது உதவுகிறது? மேலே சொன்ன அரத் தடம்தான். ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாகக் கையால் ராவப்பட்டது, ஆகவே அந்தத் தடம் வேறெந்தக் காசிலும் திரும்ப வராது. வந்தால் இரண்டில் ஒன்றாவது போலி: ஒரு காசிலிருந்து அச்செடுத்தால் அதன் தழும்பும் சேர்ந்து வரும். அழகைக் கெடுக்கிறது என்று விலை குறைத்துக் கேட்கும் அந்தக் கோடுகள்தான், தப்பியவற்றை எண்ணுவதற்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல ஆவணம்.

மூன்றாவது மறுப்பை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, தங்கக் காசுகளை அழித்தது, கையிலுள்ள தங்கத்தை ஒப்படைக்கச் சொன்ன அதிபர் ரூஸ்வெல்ட்டின் 1933 ஏப்ரல் ஆணை என்பது. அந்த ஆணை அரிய காசுகளைச் சேகரிப்பவர்களுக்கு விலக்கு அளித்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் காசுகள் அதில் அள்ளிக்கொண்டு போயின. ஆனால் 1834-க்கு முந்தையவை அதற்கு நூறு ஆண்டு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. மற்றது, எங்காவது புதையல் கிளம்பினால் அரிதெல்லாம் மலிந்துவிடும் என்ற அச்சம். புதையல்கள் கிளம்பியிருக்கின்றன. 2013-இல் கலிஃபோர்னியாவில் சாடில் ரிட்ஜ் என்ற பெயரில் 1,427 காசுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அவற்றின் தேதிகள் 1847 முதல் 1894 வரை. ஐரோப்பிய வங்கிப் பெட்டகங்களிலிருந்து திரும்பி வந்தவையும் பெரும்பாலும் பிற்கால இருபது டாலர் காசுகள். தொடக்ககாலக் காசு ஐரோப்பாவுக்குப் போனது சேமிப்பாகக் கிடப்பதற்கு அல்ல, அங்கே கட்டியாக மாறுவதற்கு. ஒன்றிரண்டு புதிதாகத் தலைகாட்டலாம். பெட்டி பெட்டியாக வரும் என்று அஞ்சுவதற்குக் காரணம் இல்லை.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: குறைவாக அடித்தவை பல இன்றும் அரிதாகத்தானே இருக்கின்றன? 1796-இல் நட்சத்திரம் இல்லாத குவார்ட்டர் ஈகிள் 963, 1808-இன் குவார்ட்டர் ஈகிள் 2,710. இரண்டும் அரிது, இரண்டும் விலை உயர்ந்தவை. உண்மைதான், ஆரம்பமே சிறியதாக இருந்தால் மிச்சம் பெரியதாக இருக்க முடியாது, உச்சவரம்பை அடித்த எண் போட்டுவிடும். ஆனால் உச்சவரம்பு என்பது எண்ணிக்கை அல்ல. அதோடு அந்த இரண்டின் விலையில் ஒரு பெரும் பகுதி, அந்த வடிவம் வேறெந்த ஆண்டிலும் கிடைக்காது என்பதால் வருகிறது. வடிவத்துக்கு ஒன்று என்று சேர்ப்பவர் எல்லாரும் அதே கதவைத்தான் தட்டியாக வேண்டும். அடித்த எண் வரம்பைச் சொல்கிறது, மூசை எஞ்சியதைச் சொல்கிறது, சேகரிப்பவர் கூட்டம் விலையைச் சொல்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பட்டியலின் முதல் எண்ணைப் பார்த்து விலை பேசுகிறவர்தான் இந்தத் தொழிலில் அதிகம் நட்டப்படுகிறார்.

இந்த வாதத்தைக் கடைப்பிடித்தால் வாங்கும் வரிசை மாறும். கையில் காசு வந்ததும் முதலில் விளிம்பு, பிறகு மேனியின் ஒளி, பிறகு அரத் தடத்துக்கும் கீறலுக்கும் உள்ள பிரிவு, பிறகு பழைய ஏலங்களில் இது தென்பட்டிருக்கிறதா என்ற தேடல், கடைசியாகப் பெட்டியின் மேலுள்ள எண். கோடிகள் இல்லாதவர் 1822-ஐ நினைத்து ஏங்க வேண்டியதில்லை. 1803, 1807, 1810, 1812 போன்ற தேதிகளில் ஹாஃப் ஈகிள்கள் தொடர்ந்து ஏலத்துக்கு வருகின்றன. அவற்றில் மெருகிட்டுப் பளபளக்கும் உயர்ந்த எண்ணை விட, கழுவாத தோலோடு மிதமாகத் தேய்ந்த ஒன்றை எடுப்பது நல்லது. விலையும் குறைவு, விற்கும்போது சந்தேகமும் குறைவு. வளையம் எடுத்த காசையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். காயத்தை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு வந்தால், அது எப்படித் தப்பியது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது. பதில் இல்லாத காசுக்குத்தான் அஞ்ச வேண்டும்: எங்கே கிடந்தது என்பதற்கு மேனியில் எந்தத் தடயமும் இல்லாமல், இருநூறு ஆண்டைத் துடைத்துவிட்டு நிற்கும் காசு எவ்வளவு உயர்ந்த எண்ணோடு வந்தாலும் அதற்குக் கொடுக்கும் விலை தங்க விலையிலிருந்து தொடங்கட்டும்.